சரளைக் காட்டு மண்

கடப்பாரையை எடுத்து நிலத்தில் ஓங்கிப் போடுங்கள். 'டங்' என்று சத்தம் வருகிறதா? ஒரு முழம் தோண்டுவதற்குள் பாறை தட்டுகிறதா? அள்ளும் மண்ணில் பாதிக்குப் பாதி கல்லாக இருக்கிறதா? அப்படியானால் அது ஆழம் இல்லாத சரளை மண்.

மழை குறைந்த பகுதிகளில் இந்த மண் நிறைய உண்டு. ஆந்திராவில் அனந்தபூர் பக்கம் உண்டு. ராஜஸ்தானில் ஆரவல்லி மலை அடிவாரத்தில் உண்டு. தமிழ்நாட்டில் காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கத்து மேட்டுக் காடுகளில் உண்டு. இங்கெல்லாம் ஆடும் மாடும்தான் பலருக்குப் பிழைப்பு. காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்குக் 'கொறங்காடு' என்று பெயர். அந்தக் காட்டு மண்ணைப் பற்றிப் பார்ப்போம்.

சரளை என்பது என்ன? பாறை வெயிலிலும் மழையிலும் வெடித்து, உடைந்து, சிறு கல்லாகிறது. 2 மில்லி மீட்டருக்கு மேல் பருமன் உள்ள கல்லைச் சரளை என்கிறார்கள். அதைவிடச் சிறியதுதான் மணலும் மண்ணும். இந்தக் கற்களுக்கு நடுவே கொஞ்சம் சிவப்பு மண் இருக்கும். அந்தக் கொஞ்ச மண்தான் புல்லுக்குச் சோறு போடுகிறது. ஓர் அங்குல மண் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். அது கரைந்து போக சில மழை போதும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். கல் இல்லாத செம்மண் ஓர் அடி ஆழம் இருக்கிறது. அது பயிருக்கு உதவும்படி சுமார் 30 மில்லி மீட்டர் மழை நீரைப் பிடித்து வைக்கும். அதில் பாதி கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் தண்ணீர் குடிக்காது. ஆகவே 15 மில்லி மீட்டர்தான் நிற்கும். ஒரே நாளில் 50 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. மீதி 35 என்ன ஆகும்? கொஞ்சம் பாறை இடுக்கில் இறங்கும். மற்றது சரிவில் ஓடும். ஓடும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும்.

நின்ற ஈரமும் நல்ல வெயிலில் ஒரு வாரம் தாங்கினால் அதிகம். ஓர் அடி கரிசல் மண் இதைப்போல் மூன்று மடங்கு ஈரம் வைத்திருக்கும். அதனால்தான் சரளைக் காட்டில் சோளம் போட்டவர் பல வருடம் ஏமாந்து போகிறார். பயிர் முளைக்கும். பத்து நாள் மழை தள்ளிப் போனால் வாடிவிடும்.

மேலே கிடக்கும் கல்லைப் பொறுக்கிவிட்டால் நிலம் நன்றாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மேய்ச்சல் காட்டில் அது சரியில்லை. மழைத்துளி வேகமாக வந்து மண்ணில் விழுந்தால் மண் சிதறும். கல்லில் விழுந்தால் வேகம் போய்விடும். கல்லுக்கு அடியில் ஈரமும் கொஞ்ச நாள் கூட நிற்கும். காலையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள், தெரியும். பெரிய கற்களை மட்டும் எடுக்கலாம். அவற்றைத் தண்ணீர் ஓடும் வழிக்குக் குறுக்கே வரப்பாக அடுக்கலாம். தண்ணீர் நின்று போகும். வண்டல் அங்கே தங்கும். அடுத்த வருடம் அந்த இடத்தில்தான் புல் முதலில் முளைக்கும்.

இந்த மண்ணுக்கு ஏற்ற புல் கொழுக்கட்டைப் புல். தின்கிற கொழுக்கட்டை இல்லை! ஆடு மாடுகளுக்கு இது நல்ல தீனி. மழை பெய்த சில நாளில் துளிர்த்துவிடும். காய்ந்தாலும் தூர் உயிரோடு இருக்கும். அதன் வேர் வலைபோலப் பரவி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கொறங்காட்டில் வெள்வேல மரமும் இருக்கும். அதன் வேர் பாறை வெடிப்பில் இறங்கித் தண்ணீர் தேடும். புல் காய்ந்த கோடையில் அதன் காய் உதிரும். ஆடுகள் விரும்பித் தின்னும். சுற்றிலும் முள்கிலுவை வேலி. போத்தை வெட்டி நட்டால் அதுவே உயிர்வேலி ஆகிவிடும். வேலி இருப்பதால் காங்கேயம் மாடுகள் இரவும் பகலும் உள்ளேயே மேயும். கூட ஆள் நிற்க வேண்டியதில்லை. இதைக் கண்டுபிடித்தவர்கள் பள்ளிக்கூடம் போனவர்கள் அல்ல. தங்கள் மண்ணை அறிந்தவர்கள்.

இப்போது இந்தக் காடுகளுக்கு ஒரு புதிய ஆபத்து வந்திருக்கிறது. ரோடு போடவும் வீட்டு மனை மேடாக்கவும் சரளை மண் வேண்டும். ஐந்து ஏக்கர் காடும் இருபது ஆடும் உள்ள ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மகன் வந்து சொல்கிறான்:

"அம்மா, லாரிக்காரங்க வந்திருக்காங்க. லோடுக்கு இவ்வளவுன்னு கையில குடுத்தர்றாங்களாம். வெறும் கல்லுக் காடுதானே?"

"கல்லா கண்ணு அது? நாலு மழை பேஞ்சா ஆடு மேயற காடு. மண்ணை அள்ளிக் குடுத்துப்போட்டு, அப்புறம் ஆட்டைப் பாறையிலயா கட்டுவே?"

"கடன் இருக்குதே அம்மா."

"இருக்குது. ரெண்டு கிடாயை வித்துக் கட்டலாம். கிடாய் மறுபடியும் வரும். மண்ணு வருமா?"

அம்மா சொல்வதில் கணக்கு இருக்கிறது. லாரிப் பணம் ஒரு முறை வரும். ஒரு முழ மண்ணை அள்ளிவிட்டால் மிஞ்சுவது பாறை. அதில் புல்லும் வராது, மரமும் வராது. கனிம வளத் துறையின் அனுமதி இல்லாமல் சரளை அள்ளுவது குற்றமும் ஆகும். சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும் அனுமதி வேண்டும்.

அரசுக் கணக்கில் இப்படிப்பட்ட நிலம் பல இடங்களில் 'தரிசு' என்று இருக்கிறது. 1985-இல் மத்திய அரசு தரிசு நில மேம்பாட்டுக்கு என்றே தேசிய அளவில் ஒரு வாரியம் அமைத்தது. ஆனால் ஏர் ஓட்டாத நிலம் எல்லாம் பயன் இல்லாத நிலம் ஆகிவிடாது. ஆட்டுக்காரரைக் கேட்டால் அவர் அதைத் தரிசு என்று சொல்லமாட்டார்.

காட்டைக் கெடுப்பது லாரி மட்டும் இல்லை. அளவுக்கு மேல் ஆடு விட்டாலும் காடு கெடும். மழை பெய்து புல் துளிர்க்கும்போதே ஆட்டை விட்டால் தூரோடு கடித்துவிடும். தூர் செத்தால் மண் அவிழ்ந்துவிடும். அடுத்த மழையில் அது ஓடைக்குப் போகும். ஆகவே காட்டை மூன்று அல்லது நான்கு பகுதியாகத் தடுங்கள். ஒன்றில் மேயும்போது மற்றவை ஓய்வு எடுக்கட்டும். ஐப்பசி மழையில் ஒரு பகுதியையாவது படல் சாத்தி வையுங்கள். புல் கதிர் விட்டு, விதை உதிர்ந்த பிறகு படலைத் திறக்கலாம். அடுத்த வருடம் வேறு பகுதிக்கு அந்த ஓய்வு. புல் இல்லாத இடங்களில், மழைக்கு முன்னால் லேசாகக் கீறிக் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவலாம். விதையை ஆழமாகப் புதைக்கக் கூடாது. மேலாக மண் மூடினால் போதும்.