போரை எதிர்த்த மாணவர்கள்: பத்தாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகள்

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் 'இந்தியாவின் சர்வதேச உறவுகள்' பாடம் நடத்தும்போது, இலங்கை பற்றிய பகுதியை வாசித்துவிட்டு அடுத்த அண்டை நாட்டுக்குப் போய்விடலாம். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் பலரும் அப்படித்தான் செய்கிறோம். கோவை மாவட்டத்தில் மேற்கு மலையடிவாரத்தை ஒட்டிய எங்கள் பள்ளியில் அது இயலாது. இங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பத்தி வெளியுறவு அல்ல, வீட்டுக் கதை.

ஆகவே அந்த இடத்தில் இரண்டு பாடவேளைகள் எடுத்துக்கொள்கிறேன். போரை நேரடியாக விவரிப்பதில்லை. போரைக் கேள்வி கேட்ட கல்லூரி மாணவர்களைப் பற்றிப் பேசுகிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தளபதிகளைவிடக் கல்லூரி அண்ணன், அக்காக்கள் நெருக்கமானவர்கள்.

தொடங்குவதற்கு முன் ஒரு வேலை உண்டு. முகாமிலிருந்து வரும் மாணவியைத் தனியே அழைத்து, இன்ன பாடம் நடத்தப்போகிறேன் என்று சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் வகுப்பே திரும்பி அவள் முகத்தைப் பார்க்கும். கடந்த ஆண்டு அந்த மாணவி சொன்னது இது: "என்னை எதுவும் கேக்காதீங்க டீச்சர். எனக்குத் தோணுச்சுன்னா நானே கேக்குறேன்." அந்த ஏற்பாடு எனக்கும் பிடித்திருந்தது.

முதல் பாடவேளையில் 2013 மார்ச் மாதத்தைக் கரும்பலகையில் நாட்காட்டியாக வரைகிறோம். இலங்கையில் போர் முடிந்தது 2009 மே மாதம். நான்கு ஆண்டுகள் கழித்து, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்தில் அமெரிக்கா ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. போரில் நடந்தவற்றை இலங்கை அரசே விசாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அது போதாது, சுதந்திரமான பன்னாட்டு விசாரணையும் தமிழர்களிடையே பொதுவாக்கெடுப்பும் வேண்டும் என்று கேட்டுச் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் மார்ச் 8 அன்று உண்ணாவிரதம் தொடங்கினர். சில நாட்களில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அதற்குப் பிறகுதான் போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது. கோவையிலும் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து உண்ணாவிரதம் இருந்தனர். கல்லூரிகளுக்குக் காலவரையற்ற விடுமுறை விடப்பட்டது. மார்ச் 19 அன்று தி.மு.க. மத்தியக் கூட்டணியிலிருந்து விலகியது. மார்ச் 21 அன்று ஜெனீவாவில் வாக்கெடுப்பு நடந்தது. மார்ச் 27 அன்று தமிழகச் சட்டமன்றம், பொதுவாக்கெடுப்புக்கு முயற்சி எடுக்குமாறு மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.

நாட்காட்டி நிறைந்ததும் பின்வரிசையிலிருந்து அந்தக் கேள்வி வரும். "ஏனுங் டீச்சர், நம்ம ஊருப் புள்ளைங்க இங்க பட்டினி கெடந்தா ஜெனீவால இருக்கறவங்களுக்கு எப்புடீங் தெரியும்?"

இந்தக் கேள்விக்காகவே பாடத்தை இங்கே கொண்டுவருகிறேன். பதிலை நான் சொல்வதில்லை. குழுவாக அமர்ந்து, கோரிக்கை எந்த வழியில் பயணம் செய்தது என்று அம்புக்குறி போட்டு வரையச் சொல்கிறேன். கல்லூரி வாசலிலிருந்து மாநில அரசியலுக்கு, அங்கிருந்து டில்லிக்கு, டில்லியிலிருந்து ஜெனீவாவில் இந்தியாவுக்கு உள்ள ஒரே ஒரு வாக்குக்கு. பாடநூலில் வெளியுறவுக் கொள்கை ஏதோ உயரத்தில் நடப்பது போல இருக்கும். இந்த அம்புக்குறிகளைப் போட்டபின் அது கொஞ்சம் இறங்கி வருகிறது.

பிறகு வாக்குக் கணக்கு. மன்றத்தில் உறுப்பு நாடுகள் 47. ஆதரவு 25, எதிர்ப்பு 13, நடுநிலை 8. கூட்டினால் 46தான். ஒரு நாடு வாக்கெடுப்பில் பங்கேற்கவில்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். கணக்குப் பாடத்தில் தூங்குபவர்கள்கூட இதில் விழித்துக்கொள்கிறார்கள். இந்தியா தீர்மானத்தை ஆதரித்தது. 2014 மார்ச்சில் மறுபடியும் ஒரு தீர்மானம் வந்தது. இம்முறை விசாரணையை ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமே நடத்த வழிசெய்தது. ஆதரவு 23, எதிர்ப்பு 12, நடுநிலை 12. அந்தப் பன்னிரண்டில் இந்தியாவும் ஒன்று. முந்தைய ஆண்டு மாணவர்கள் கேட்ட பன்னாட்டு விசாரணைக்கு ஓரளவு நெருக்கமானது வந்தபோது, இந்தியா ஒதுங்கி நின்றது. போராட்டம் வென்றதா, தோற்றதா என்று மதிப்பெண் போடும் வினாவை நான் கேட்காததற்கு இதுவே காரணம். அப்படிக் கேட்டால் பிள்ளைகள் ஒற்றைச் சொல்லில் எழுதி முடித்துவிடுவார்கள்.

இரண்டாம் பாடவேளை அமெரிக்காவில் தொடங்குகிறது. வியட்நாம் போரைக் கம்போடியாவுக்கும் விரிவாக்குவதாக அதிபர் நிக்சன் 1970 ஏப்ரல் 30 அன்று அறிவித்தார். ஓஹியோ மாநிலத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் எதிர்த்துக் கூடினர். மே 4 அன்று தேசியக் காவல் படையினர் சுட்டதில் மாணவர்கள் நான்கு பேர் இறந்தனர், ஒன்பது பேர் காயமடைந்தனர். துப்பாக்கிச் சூடு நீடித்தது 13 வினாடிகள். இறந்தவர்களில் இருவர் போராட்டத்தில் கலந்துகொள்ளாதவர்கள். இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிடுவது நல்லது.

அமெரிக்க இளைஞர்களின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கட்டாய ராணுவச் சேவைக்கு 18 வயதிலேயே அழைப்பு வரும். வாக்களிக்கவோ பெரும்பாலான மாநிலங்களில் 21 ஆக வேண்டும். 1971இல் அரசமைப்பின் 26ஆவது திருத்தம் வாக்குரிமை வயதை 18 ஆக்கியது. நம் நாட்டில் 61ஆவது திருத்தத்தின் மூலம் 1989இல் அது நடந்தது. "இன்னும் மூணு வருசத்துல எனக்கும் ஓட்டு இருக்குங்" என்று யாராவது சொல்வார்கள்.

உள்ளூர் எடுத்துக்காட்டு ஒன்றும் வேண்டும். மாணவர் போராட்டம் என்றாலே இந்தப் பக்கத்துத் தாத்தா பாட்டிகளுக்கு நினைவு வருவது 1965 பொள்ளாச்சி; அது மொழிக்கானது, ஆகவே தொட்டுவிட்டு நகர்கிறேன். நான் எடுத்துக்கொள்வது 2009 மே 2 அன்று கோவை நீலம்பூர் அருகே நடந்தது. இலங்கைக்கு ஆயுதம் போகிறது என்ற பேச்சை நம்பி ராணுவ வாகனங்கள் தாக்கப்பட்டன. ராணுவம் அதை மறுத்தது. இதைச் செய்தவர்கள் மாணவர்கள் அல்லர். ஆனாலும் உண்ணாவிரதப் பந்தலையும் உடைந்த வண்டியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, அரசமைப்பின் பிரிவு 19 ஏன் 'அமைதியாக, ஆயுதமின்றி' என்ற சொற்களைச் சேர்த்திருக்கிறது என்பதை விளக்கவே வேண்டியிருக்காது. கைப்பேசியில் வரும் எதையும் மறுநொடியே அனுப்பிவிடும் தலைமுறைக்கு 'பேச்சை நம்பி' என்ற பகுதியும் தேவை.

கடந்த ஆண்டு அந்தப் பிரிவை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் முகாமிலிருந்து வரும் மாணவி எழுந்தாள்.

"டீச்சர், அதுல 'குடிமக்கள்'னு போட்டிருக்கே. அது நானுமா?"

அவள் பிறந்தது தமிழ்நாட்டில். ஆனால் குடியுரிமைச் சட்டப்படி, 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்கப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. அவளுடைய பெற்றோர் இருவருமே இலங்கையிலிருந்து வந்தவர்கள். ஒன்றுகூடும் உரிமையும் பேச்சுரிமையும் பிரிவு 19இல் குடிமக்களுக்கே தரப்பட்டிருக்கின்றன. மற்றவர்கள் வாய் திறக்கவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை; அவற்றைத் தம் அடிப்படை உரிமையாக அவர்கள் கோர முடியாது என்பதே பொருள். உள்ளதை உள்ளபடி சொன்னேன். பிரிவு 14இன் சமத்துவமும் பிரிவு 21இன் உயிர் வாழும் உரிமையும் இந்நாட்டு எல்லைக்குள் இருக்கும் எல்லோருக்கும் உரியவை, உனக்கும் உரியவை என்பதையும் சொன்னேன்.

"அப்ப இவளுக்கு ஓட்டுங்?" என்றான், தனக்கு மூன்று வருடம் என்று கணக்குப் போட்டவன். வகுப்பில் யாரும் பதில் பேசவில்லை. அவளே சொன்னாள்: "எங்க அக்காவுக்கு இருபத்திரண்டு. அவளுக்கே இல்லை."

அன்று வீட்டுப்பாடம் மாறியது. குடியுரிமை யாருடைய அதிகாரம், மத்திய அரசா மாநில அரசா என்று அதிகாரப் பட்டியலைப் பார்த்து எழுதி வரச் சொன்னேன். மறுநாள் பலரும் மத்தியப் பட்டியல் என்று சரியாக எழுதி வந்தார்கள். சிலர் கேட்காமலே, முதல் பாடவேளையில் வரைந்தது போல அம்புக்குறிகளும் போட்டிருந்தார்கள். முகாமிலிருந்து புறப்பட்டு டில்லிக்குப் போகும் அம்புக்குறிகள்.

இந்த ஆண்டு மூன்றாவது பாடவேளை ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். பிரிவு 14, 19, 21 மூன்றையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதி, 'குடிமக்கள்' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது, எங்கெல்லாம் வரவில்லை என்று பிள்ளைகளையே அடிக்கோடிடச் சொல்கிறேன். நாற்பது நிமிடம் போதவில்லை.