மின் கிட்டாரைச் சீரமைத்து அறிதல்

மின் கிட்டார் என்பது தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றி, ஆம்பிளிஃபயர் வாயிலாக ஒலியாக்கும் கருவியாகும். அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பார் 1930-களின் தொடக்கத்தில் வகுத்த மின்காந்த முறையே இதற்கு அடிப்படை. அதற்குரிய காப்புரிமை 1937ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. நம் நாட்டில் ஷில்லாங், கொஹிமா, ஐஸ்வால், கொல்கத்தா முதலிய நகரங்களில் கிட்டார் பெருவழக்கில் உள்ளது. பள்ளிகளிலும் இளைஞர் மன்றங்களிலும் இக்கருவி ஒன்றேனும் காணப்படுவது இன்று அரிதன்று.

புதிதாக வாங்கியதாயினும், நன்கொடையாகப் பெற்றதாயினும், கருவி வந்த நிலையிலேயே மாணவர் கையில் கொடுக்கப்படுவதே பெரும்பாலும் நிகழ்கிறது. தந்திகள் மிக உயர்ந்திருப்பின் விரல் நோகும். அழுத்தும் சுரம் சுருதியோடு சேராது. தமது விரலுக்கு வலிமை இல்லை என்றோ, செவிக்குச் சுரஞானம் இல்லை என்றோ மாணவர் முடிவு செய்து, சில வாரங்களில் கற்பதையே விட்டுவிடுகின்றனர். உண்மையில் குறை மாணவரிடம் இல்லை. ஓரிரு மில்லிமீட்டர் அளவுகளில் உள்ளது. அவ்வளவுகளைக் கண்டறிந்து திருத்தும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தந்தியின் அதிர்வு பற்றிய பாடத்தைச் செய்முறையாக நடத்தவும் இது ஆசிரியர்களுக்குப் பயன்படும்.

உறுப்புகள்

1954இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் வகையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இதன் ஆறு தந்திகளும் பிருடைகளிலிருந்து புறப்பட்டு, பள்ளமிட்ட தலைப்பட்டையின்மீது படிந்து, மெட்டுப்பலகையைக் கடந்து, குதிரையை அடைகின்றன. குதிரையில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியே ஒரு சிறு தாங்கி உண்டு. தாங்கியைத் திருகாணிகளால் உயர்த்தலாம், தாழ்த்தலாம். முன்னும் பின்னும் நகர்த்தலாம். தலைப்பட்டைக்கும் குதிரைக்கும் இடையே அதிரும் தந்தியின் நீளம் 648 மி.மீ. கழுத்தின் உள்ளே எஃகுத் தண்டு ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. தந்திகளின் கீழே, உடற்பகுதியில், காந்தச்சுருள்கள் அமைந்துள்ளன.

தந்தியின் விதி

தந்தியின் அதிர்வெண் மூன்றைப் பொறுத்தது: நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை. நீளம் பாதியானால் அதிர்வெண் இரு மடங்காகும். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரு மடங்காகும். நிறை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். மெர்சென் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1636இல் வெளியிட்ட இவ்விதிகளைச் சுரமானியைக் கொண்டு வகுப்பில் மெய்ப்பிப்பது வழக்கம். கிட்டாரும் ஆறு தந்திகள் கொண்ட ஒரு சுரமானியே.

வழக்கமான சுருதியில் தடித்த ஆறாம் தந்தி 82.4 ஹெர்ட்சிலும், ஏனையவை முறையே 110, 146.8, 196, 246.9, 329.6 ஹெர்ட்சிலும் அதிர்கின்றன. மெல்லிய முதல் தந்தி 0.254 மி.மீ. விட்டமுள்ளதாயின், அதன் இழுவிசை ஏறத்தாழ 7.4 கிலோகிராம் எடைக்கு ஈடாகும். ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையால் கழுத்தை இடைவிடாது இழுத்துக்கொண்டிருக்கின்றன. கருவியின் அளவுகள் ஏன் நிலைத்து நிற்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

திருத்தத்தின் வரிசை

சீரமைப்பில் முதன்மையாக அறியவேண்டியது வரிசை. தந்தியை மாற்றினால் இழுவிசை மாறும். இழுவிசை மாறினால் கழுத்தின் வளைவு மாறும். வளைவு மாறினால் தந்தியின் உயரம் மாறும். உயரம் மாறினால் அழுத்தும் சுரத்தின் அதிர்வெண் மாறும். எனவே தந்தி, கழுத்து, உயரம், தாங்கியின் இடம், காந்தச்சுருள் என்னும் முறையிலேயே செல்லுதல் வேண்டும். இடையில் ஒன்றைத் திருத்தினால் அதனை அடுத்துள்ள அனைத்தையும் மீண்டும் அளக்க நேரும். ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் ஆறு தந்திகளையும் சுருதி சேர்த்த பிறகே அளத்தல் வேண்டும்.

தேவையான கருவிகள் சிலவே: மில்லிமீட்டரில் பாதியைக் காட்டும் எஃகு அளவுகோல், மெக்கானிக்குகள் கையாளும் ஃபீலர் கேஜ், பொருத்தமான ஆலன் சாவி, திருப்புளி, சுருதிகாட்டும் கருவி. கைப்பேசியில் இயங்கும் சுருதிகாட்டியும் இதற்குப் போதும்.

முதற்படி: தந்திகள்

வியர்வையால் துருவேறிய தந்தியின் நிறை நீளம் முழுவதும் ஒரே சீராக இராது. அத்தகைய தந்தியை வைத்துக்கொண்டு வேறெதனைத் திருத்தினும் பயனில்லை. ஆகவே முதலில் புதுத் தந்திகளைப் பூட்டி, சிலமுறை மெல்ல இழுத்துத் தளர்வை நீக்கி, சுருதி சேர்க்கவேண்டும். பூட்டிய தந்திகளின் விட்டங்களைக் குறித்து வைத்தல் நலம்.

இரண்டாம் படி: கழுத்து

தந்திகளின் இழுவிசை கழுத்தை முன்னோக்கி வளைக்கிறது. உள்ளிருக்கும் எஃகுத் தண்டு அதனை எதிர்க்கிறது. கழுத்து முற்றிலும் நேராக இருத்தல் தேவையில்லை. அதிரும் தந்திக்கு இடம்தரும் சிறு வளைவு வேண்டும். ஆறாம் தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேருமிடத்து மெட்டிலும் ஒருசேர அழுத்துக. இழுத்த தந்தி இப்பொழுது ஒரு நேர்கோட்டு அளவுகோலாகிறது. ஏழாம் அல்லது எட்டாம் மெட்டின் உச்சிக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜினால் அளக்கவேண்டும். அது 0.25 மி.மீ. அளவில் இருப்பின் போதும்.

இடைவெளி மிகுதியாயின் தண்டின் திருகாணியை வலப்புறம் இறுக்குக. இடைவெளியே இல்லையாயின் இடப்புறம் தளர்த்துக. ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. திருகாணி எளிதில் அசையாவிடில் வலிந்து திருப்பாமல், தேர்ந்த பணியாளரிடம் ஒப்படைத்தல் வேண்டும். தண்டு முறிந்தாலோ திருகாணியின் மரை தேய்ந்தாலோ பழுது பார்த்தல் மிகவும் கடினம்.

மரம் காற்றின் ஈரத்தை ஏற்றுப் பருப்பதும் வறட்சியில் சுருங்குவதும் இயல்பு. மேகாலயத்தின் மழைக்காலத்தில் சீரமைத்த கருவி, வறண்ட மாதங்களில் அதே நிலையில் இருக்கும் என எதிர்பார்க்கலாகாது. மழைக்காலத் தொடக்கத்தில் ஒருமுறையும் குளிர்காலத்தில் ஒருமுறையும் இவ்வளவைச் சோதித்தல் தகும்.

மூன்றாம் படி: உயரம்

பன்னிரண்டாம் மெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிப்புறத்திற்கும் உள்ள தொலைவை அளக்கவேண்டும். தடித்த ஆறாம் தந்திக்கு 2 மி.மீ., மெல்லிய முதல் தந்திக்கு 1.5 மி.மீ. என்பன தொடங்குவதற்கு ஏற்ற அளவுகள். தாழ்ந்திருப்பின் தந்தி மெட்டுகளில் மோதிக் கரகரக்கும். உயர்ந்திருப்பின் விரலுக்குத் துன்பம். இவ்விரண்டிற்கும் இடையே, வாசிப்பவரின் கைவன்மைக்கேற்ப முடிவு செய்யவேண்டும். வன்மையாக மீட்டுபவருக்குச் சற்று உயரம் வேண்டும். சிறுவருக்குத் தாழ்வு நன்று.

தலைப்பட்டையின் பள்ளங்களையும் நோக்குக. தந்தியை இரண்டாம், மூன்றாம் மெட்டுகளுக்கிடையே அழுத்தினால், முதல் மெட்டின்மேல் மயிரிழை இடைவெளியே தோன்றவேண்டும். அது மிகுந்திருப்பின் முதல் சில மெட்டுகளின் சுரங்கள் ஏறி ஒலிக்கும். பள்ளத்தை அரத்தால் ஆழமாக்குவது தேர்ந்தோர் பணி. ஆழம் மிகுந்துவிட்டால் பட்டையையே மாற்ற நேரிடும்.

நான்காம் படி: தாங்கியின் இடம்

ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பகுத்து மெட்டுகள் அமைக்கப்பட்டுள்ளன. எஞ்சிய தந்தி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த மெட்டின் தொலைவு கிடைக்கும். 648 மி.மீ. நீளத்தில் முதல் மெட்டு 36.4 மி.மீ. தொலைவிலும், பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியாகிய 324 மி.மீ. தொலைவிலும் அமையும். இக்கணக்கின்படி பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய தந்தி மேல் ஸ்தாயியைத் துல்லியமாகத் தரவேண்டும். ஆனால் தருவதில்லை. தந்தியை அழுத்தும்போது அது சிறிது நீள்கிறது, நீண்டால் இழுவிசை கூடுகிறது, சுரம் ஏறிவிடுகிறது.

இதன் அளவைக் கணக்கிட்டுக் காண்போம். தந்தியை நடுவில் 2 மி.மீ. கீழே அழுத்தினால், அதன் நீளம் 648 மி.மீ.-இலிருந்து ஏறத்தாழ 648.012 மி.மீ. ஆகிறது. அடுத்தடுத்த இரு மெட்டுகளின் சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு சென்ட் எனப்படும். மேற்கண்ட நீட்சியால் 0.254 மி.மீ. விட்டமுள்ள முதல் தந்தியின் சுரம் ஏறத்தாழ 2.3 சென்ட் ஏறும். 0.432 மி.மீ. விட்டமுள்ள வெறும் எஃகாலான மூன்றாம் தந்தியிலோ ஏறத்தாழ 6.5 சென்ட் ஏறும். இரண்டின் இழுவிசையும் ஏறக்குறைய சமம். ஆனால் மூன்றாம் தந்தியின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 3 மடங்கு. ஆதலின் அதே நீட்சி அதில் 3 மடங்கு விசையை எழுப்புகிறது. மேலும், நீட்சி உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2 மி.மீ. என்பது 3 மி.மீ. ஆனால், மூன்றாம் தந்தியின் பிழை ஏறத்தாழ 15 சென்ட் ஆகும். பழகாத செவியும் இதனை உணரும். உயரத்தைத் திருத்திய பின்னரே தாங்கியை நகர்த்தவேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் பதிக்கப்படுவதால், செவியால் கேட்டு அவற்றையே நகர்த்தி அமைக்கலாம். கிட்டாரில் மெட்டுகள் பலகையில் இறுகப் பொருத்தப்பட்டுள்ளன. ஆகவே தாங்கியையே நகர்த்தவேண்டியுள்ளது. பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர்மேலே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டி, உடனே விரலை எடுத்தால் தெளிந்த ஒலி பிறக்கும். இதன் அதிர்வெண் திறந்த தந்தியினதைப்போல் சரியாக இரு மடங்கு. பின்னர் அதே மெட்டில் தந்தியை அழுத்தி மீட்டுக. அழுத்திய ஒலி ஏறியிருப்பின் தாங்கியைப் பின்னுக்கு நகர்த்தித் தந்தியை நீட்டுக. இறங்கியிருப்பின் முன்னுக்கு நகர்த்துக. மேற்கண்ட கணக்கின்படி, முதல் தந்தியின் தாங்கி ஏறத்தாழ 0.9 மி.மீ., மூன்றாம் தந்தியினது ஏறத்தாழ 2.4 மி.மீ. பின்னுக்குச் செல்லவேண்டும். தடித்த மூன்று தந்திகளும் மெல்லிய உள்ளிழையின்மேல் கம்பி சுற்றப்பட்டவை. இழுவிசையைத் தாங்குவது உள்ளிழையே. ஆதலின் நான்காம் தாங்கி மீண்டும் முன்னுக்கு வரும். சீரமைத்த குதிரையில் தாங்கிகள் இரு படிக்கட்டுகள்போல் தோன்றுவதன் காரணம் இதுவாகும்.

ஐந்தாம் படி: காந்தச்சுருள்

நிலைக்காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டுள்ளது. எஃகுத் தந்தி அதன் மேலே அதிரும்போது காந்தப் பாயம் மாறுகிறது. ஃபாரடே 1831இல் கண்ட விதிப்படி சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. நைலான் தந்தியையோ பித்தளைத் தந்தியையோ பூட்டினால் ஒலி ஏறக்குறைய எழாது என்பதை வகுப்பில் காட்டலாம்.

சுருள் அருகில் இருப்பின் ஒலி உரக்கும். ஆனால் மிக அருகில் இருப்பின் காந்தமே தந்தியைப் பிடித்திழுத்து அதிர்வைக் குலைக்கும். சுரம் நடுங்கும், விரைவில் தேயும். கடைசி மெட்டில் தந்தியை அழுத்தி, தடித்த பக்கம் 2.5 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. எனத் தொடங்கி, எல்லாத் தந்திகளும் சமமாக ஒலிக்கும்வரை திருத்துக.

மின்காப்பு

கிட்டாரின் தந்திகள் பொதுவாக ஆம்பிளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு மின்வழியில் இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே 230 வோல்ட்டு மின்சாரத்தில் இயங்கும் ஆம்பிளிஃபயருக்கு எர்த் எனப்படும் நிலத்தொடர்பு செம்மையாக இருத்தல் இன்றியமையாதது. மூன்று முனைச் செருகியின் எர்த் முனையை நீக்குதல் உயிருக்கே ஊறு விளைவிக்கும். வால்வு ஆம்பிளிஃபயரை நிறுத்திய பின்னும் அதன் மின்தேக்கிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட்டு எஞ்சியிருக்கலாம். பயிற்சி பெறாதோர் அதனைத் திறக்கலாகாது.

குறிப்பேடும் பயிற்சியும்

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குறிப்பட்டை வைத்தல் வேண்டும். நாள், தந்திகளின் விட்டம், கழுத்தின் இடைவெளி, பன்னிரண்டாம் மெட்டின் உயரம், காந்தச்சுருளின் தொலைவு ஆகியவற்றை, திருத்தத்திற்கு முன்னும் பின்னும் எழுதுக. ஓராண்டில் அக்கருவியின் இயல்பு அவ்வட்டையில் தெளிவாகப் புலப்படும்.

மாணவர் செய்து பார்க்கத்தக்கவை:

1. திறந்த தந்தியின் அதிர்வெண்ணையும், 5, 7, 12ஆம் மெட்டுகளில் எழும் அதிர்வெண்களையும் அளந்து, நீளங்களோடு ஒப்பிடுக.

2. மூன்றாம் தந்தியின் உயரத்தை அரை மில்லிமீட்டர் கூட்டி, சுரத்தின் ஏற்றத்தைச் சென்ட் கணக்கில் அளக்கவும். உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து அது மாறுகிறதா எனக் காண்க.

3. ஒற்றைச் சுருளைத் தேர்ந்து, கிட்டாரைப் பல திசைகளில் திருப்பி, ஆம்பிளிஃபயரின் இரைச்சல் கூடுவதையும் குறைவதையும் கவனிக்க. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலத்தைச் சுருள் ஏற்பதே காரணம். 1955இல் செத் லவர் வகுத்த இரட்டைச் சுருள் அமைப்பு இதனை எவ்வாறு நீக்குகிறது என ஆராய்க.

ஓரிரு மணி நேரத்தில் முடியும் இப்பணிக்குச் செலவு மிகக் குறைவு. சீரமைத்த கருவியில் முதல் சுரத்தை அழுத்தும் மாணவர், தம் விரலையும் செவியையும் நம்பத் தொடங்குவார். புதுக்கருவி வேண்டுமென விண்ணப்பிக்கும் முன்னர், இருக்கும் கருவியை இம்முறையில் ஒருமுறை அளந்து பார்க்கவேண்டும்.