மருந்தைப் பிறகு கேள்

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரி இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன ஒருவருக்குப் பிட்டத்தில் ஆறாத புண். நீ வீட்டுக்கே போய்க் கட்டு மாற்றுகிறாய். "எந்த மருந்து போட்டால் சீக்கிரம் ஆறும்?" என்கிறாய். கேள்வியே தப்பு. இரண்டு பக்கக் கடிதத்தில் நான்கு களிம்புகளின் பெயர் இருக்கிறது. அந்தப் புண்ணின்மேலேயே அவர் நாளுக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு ஒரு சொல் இல்லை. படுக்கைப் புண்ணின் நான்கு நிலைகளும் உனக்குப் பாடம்தான், அதை விடுகிறேன். உணர்வில்லாத உடம்பில் புண்ணை ஆற்றுவது பாரத்தை எடுப்பதுதான். மற்றதெல்லாம் அதற்குத் துணை. இதை மட்டும் உனக்கு விளங்கவைக்கப் பார்க்கிறேன்.

சான்றுக்குத் தொழுநோயாளியின் பாதத்தை எடுத்துக்கொள். அந்த நோய் வந்தால் சதை தானே அழுகி விழும் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அதை மறுத்தார். நோய் நரம்பைக் கெடுத்து வலியைப் பறிக்கிறது. வலி இல்லாததால் மனிதர் புண்பட்ட காலையே ஊன்றி ஊன்றி நடக்கிறார். பாதத்தைத் தின்பது அந்த நடை என்றார். மருந்து என்ன தெரியுமா? மாவுக்கட்டு. 1930களிலேயே இலங்கையிலும் இந்தியாவிலும் தொழுநோய்ப் புண்ணுக்குக் கையாளப்பட்ட முறை அது. பிராண்ட் அதை அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இன்று சர்க்கரை நோயாளியின் உள்ளங்கால் புண்ணுக்கு முதன்மையாகப் பரிந்துரைக்கும் வழிகளில் அதுவும் ஒன்று. யோசித்துப் பார் அம்மா. உள்ளே தினம் ஒரு களிம்பு இல்லை, தினசரிக் கழுவல் இல்லை, நம் வீடுகளில் சொல்கிற 'காற்றாட விடு'வதும் இல்லை. சீழ் கோத்த புண்ணை அப்படி அடைக்கமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அடைத்த கட்டு செய்தது ஒரே வேலை: நடக்கும்போது இறங்கும் பாரத்தைக் கால் முழுதும் பரப்பி, புண்ணைத் தப்பவைத்தது. புண் ஆறியது. காற்றாட விடுவது பற்றி இன்னொன்று. 1962இலேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் மேலோட்டமான புண்களை ஒப்பிட்டு, காயவிட்டதைவிட ஈரம் போகாமல் மூடியதில் தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகமாக வளர்வதைக் காட்டினார். அறுபது ஆண்டு கடந்தும் மின்விசிறிக்கு நேராகப் புண்ணைத் திறந்துவைக்கிறோம்.

பிராண்ட், எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் எழுதி 1993இல் வெளிவந்த வலி பற்றிய நூலை எப்படியாவது தேடிப் படி. அதில் எனக்குப் பிடித்த இடம் ஒரு தோல்வி. உணர்விழந்தவர்களுக்குச் செயற்கை வலி தர, கையுறையிலும் காலுறையிலும் அழுத்தம் அறியும் கருவிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். எச்சரிக்கை ஒலித்தது, ஆனால் செய்ய நினைத்த வேலைக்கு அது குறுக்கே நின்றபோது நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. வலியின் வேலையை மணியடித்துச் செய்ய முடியாது. அன்றாடப் பழக்கம்தான் செய்யவேண்டும்.

உன் நோயாளியின் நாற்காலிக்கு வருகிறேன். உட்காரும்போது உடம்பின் பெரும்பாரம் இரண்டு சிறு எலும்பு முனைகளில் இறங்குகிறது. அங்கே ரத்தக்குழாய்கள் நசுங்கிக் கிடக்கின்றன. கையூன்றி உடம்பைத் தூக்கி நாலைந்து நொடியில் இறக்கிவிட்டால் பயனில்லை. நசுங்கிய சதைக்கு மூச்சு திரும்ப ஏறக்குறைய 2 நிமிடம் ஆகிறது என்று அளந்திருக்கிறார்கள். அவ்வளவு நேரம் தோள் தாங்காது. முன்னால் மேசைமேல் சாய்ந்துகொள்வது எளிது. நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தை யார் சிபாரிசு செய்தாலும் தூக்கி எறி. அது ஓட்டையின் விளிம்பில் அழுத்தி, நடுச்சதைக்கு வரும் ரத்தத்தையே தடுக்கிறது. கட்டிலில் தலைப்பக்கத்தை நிமிர்த்திவைத்தால் உடம்பு சறுக்கி, தோல் ஒட்டியிருக்க எலும்பு நகர்கிறது. முதுகடியில் புண் உள்ளுக்குள்ளேயே கிழிவது இப்படித்தான். நம் நிறத்தோலில் சிவப்பைத் தேடாதே. புறங்கையால் தொட்டுச் சூட்டையும் கெட்டித்தன்மையையும் பார்.

'அப்படியானால் மருந்தே வேண்டாமா?' என்பாய். வேண்டும். செத்த சதையை வெட்டி எடுக்கவேண்டும். எலும்பு தட்டுப்பட்டால் மருத்துவமனைதான். நாற்றம், காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் பொறுக்காதே. நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலியும் வியர்வையும் வந்தால், புண்ணே ரத்த அழுத்தத்தை எகிறச் செய்திருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கியிருப்பதைத் தளர்த்தி, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. பாரத்தை எடுக்காமல் போடும் எந்த மருந்தும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீர் என்பதே என் வாதம்.

'இரவெல்லாம் 2 மணிக்கொருமுறை யார் திருப்புவது? அவர் மனைவிக்கும் தூக்கம் வேண்டுமே' என்றும் எழுதியிருக்கிறாய். நியாயம். அந்த 2 மணிக் கணக்கு 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில், தண்டுவடம் அடிபட்டவர்களுக்காக மருத்துவர் குட்மன் தொடங்கிய வார்டுக்கு உரியது. அங்கே ஆள் இருந்தார்கள். 2013இல் வந்த ஓர் ஆய்வில், நல்ல நுரை மெத்தையில் படுத்த முதியோரை 2, 3, 4 மணிக்கொருமுறை திருப்பிப் பார்த்தும் புதுப் புண் விழுவதில் பெரிய வேறுபாடில்லை. அவர்கள் தண்டுவடம் அடிபட்டவர்கள் அல்லர், உன் நோயாளிக்கோ புண் ஏற்கனவே இருக்கிறது, அப்படியே பின்பற்றாதே. நல்ல மெத்தை வாங்கிய பின் இடைவெளியை நீட்டலாமா என்று மருத்துவரிடம் பேச மட்டும் அது இடம் தருகிறது. குப்புறப் படுக்கப் பழகினால் இன்னும் நல்லது.

வேலைக்குப் போகிற ஒருவரிடம், புண் ஆறும்வரை வாரக்கணக்கில் உட்காராதே என்று சொல்ல நாம் யார் என்ற கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. முடிவு அவருடையது. ஆனால் கணக்குத் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும். அடுத்த கடிதத்தில் களிம்பின் பெயர் வேண்டாம். காலை எழுந்ததுமுதல் இரவு படுக்கும்வரை எதன்மேல், எப்படி, எவ்வளவு நேரம் இருந்தார் என்று ஒரு நாள் கணக்கை அவர் கையாலேயே எழுதி வாங்கி அனுப்பு.