தூக்கிய வண்டி ஏன் அலைகிறது? ஓர் இளம் மெக்கானிக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் செய்தியைப் படித்தேன். ஐந்து கதவு ஜிம்னி, இரண்டு அங்குல லிஃப்ட், 235/75 ஆர்15 மட் டயர். வேகம் 80-ஐத் தாண்டினால் வண்டி ரோட்டில் நிலைகொள்ளாமல் அலைகிறது. புது ஸ்டீயரிங் டேம்பர் போட்டும் மாற்றமில்லை. அடுத்து ஸ்டீயரிங் பாக்ஸைத் திறக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், பாக்ஸ் கடைசி. லிஃப்ட் போடும் வரை நேராக ஓடிய வண்டி அது. லிஃப்ட் எதையெல்லாம் மாற்றியது என்று பார்க்காமல், அது தொடாத பாகத்தில் ஏன் கை வைக்க வேண்டும்?

முதலில் வண்டியை நீயே ஓட்டிப் பார். ஓனர் சொல்வதை அப்படியே ஜாப் கார்டில் எழுதிவிடாதே. ஒரே பக்கம் இழுக்கிற வண்டியையும் ‘அலையுது’ என்பார்கள். பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் தடதடவென்று உதறும் வண்டியையும் அப்படித்தான் சொல்வார்கள். இழுத்தால் டயரையும், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கையும் பார். உதறினால் வீல் பேலன்ஸ், கிங்பின் பேரிங், பேன்ஹார்ட் ராடு. அலைகிற வண்டியில் இரண்டும் இருக்காது. நேர் ரோட்டில்கூட டிரைவர் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே வர வேண்டியிருக்கும், அவ்வளவுதான். டேம்பர் உதறலை அமுக்கி மறைக்கும். அலைச்சலை அது ஒன்றும் செய்யாது. இந்த வண்டிக்கு டேம்பர் விற்றவருக்கு அது தெரிந்திருக்கும்.

அடுத்தது காற்று. சேற்றில் இறங்குவதற்காக 18 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்தவர்கள், தார் ரோட்டுக்கு வந்ததும் நிரப்ப மறந்து அப்படியே ஊர் வந்து சேருவது உண்டு. கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் 693 மி.மீ. இப்போது மாட்டியிருப்பது 733 மி.மீ.; அகலமும் கூடிவிட்டது. வீல் வெளியே தள்ளிய ஆஃப்செட்டாக இருந்தால், லாரிகள் அமுக்கி வைத்த தடத்தை டயர் தேடிப்பிடித்து அதன் போக்கில் போகும். ஓனர் வீட்டில் பழைய வீல் செட் கிடந்தால் கொண்டுவரச் சொல்லி, மாட்டி, பொள்ளாச்சி ரோட்டில் ஒரு நடை போய் வா. அலைச்சலில் டயரின் பங்கு எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இனி வண்டிக்கு அடியில் படு. வண்டியை ஜாக்கியில் ஏற்றாதே, எடை வீல் மேலேயே நிற்கட்டும். பின் வீலுக்குக் கட்டை கொடு, ஹேண்ட்பிரேக் போடு, கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பையனை உட்காரவைத்து இன்ஜினை ஓட்டி, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் நான்கு விரல் அகலத்துக்கு மெதுவாக ஆட்டச் சொல். கண்ணை நம்பாதே, கையை வை. ஒவ்வொரு ஜாயின்டிலும் பாதி விரல் ஒரு பாகத்திலும் பாதி அடுத்த பாகத்திலும் படுகிற மாதிரி வைத்துப் பார். இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் அது நல்ல ஜாயின்ட். ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் அங்கே லூஸ். பிட்மேன் ஆர்மில் தொடங்கி டிராக் லிங்க்கின் இரண்டு முனை, டை ராடின் இரண்டு முனை என்று போ. பேன்ஹார்ட் ராடின் இரண்டு போல்ட்டுக்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடு. பிராக்கெட் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், போல்ட் தலையைச் சுற்றிப் பெயின்ட் போய் ஒரு பளபளப்பான வளையம் தெரியும், பக்கத்தில் துருப்பொடி இருக்கும். அந்த ராடுதான் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துகிறது. அது அரை மில்லிமீட்டர் ஆடினாலும் ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே முன்வீல் திரும்பின கணக்குதான். ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் உட்காரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்த்துவிடு.

லூஸை மட்டும் தேடுவது நம் தொழிலில் பெரிய பழக்கதோஷம். இறுக்கமும் அலைக்கும். கிங்பின் பேரிங்கை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டால், வளைவில் திருப்பிய வீல் தானாக நடுவுக்குத் திரும்பாது. டிரைவர் திருப்பி விடுவார். அது மறுபக்கம் போய் நிற்கும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டிராக் லிங்க்கைக் கழற்றி, வீலைக் கையால் திருப்பிப் பார். எங்கேயும் பிடிக்காமல் ஒரே சீராகப் போக வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால், என் கணிப்பு கேஸ்டர்தான். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னால் சாய்ந்து நிற்பது கையை விட்டு ஓட்டவும் உதவுகிறதல்லவா, அந்தச் சாய்வுதான் இது. ஜிம்னியின் முன் ஆக்ஸிலை, பின்னாலிருந்து முன்னோக்கி வரும் இரண்டு ஆர்ம் பிடித்திருக்கின்றன. ஸ்பிரிங் நீளமானதும் சேஸிஸ் மேலே போகிறது, ஆர்மின் முன்முனை கீழே சாய்கிறது, அதோடு சேர்ந்து ஆக்ஸிலும் முன்பக்கம் உருளுகிறது. ஆர்ம் 700 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 50 மி.மீ. தூக்கியதற்கு ஏறத்தாழ 4 டிகிரி போய்விடும். சாதாரண ரோட்டு வண்டியின் மொத்தக் கேஸ்டரே சில டிகிரிதான் என்றால் மிச்சம் என்ன இருக்கும் என்று நீயே பார்த்துக்கொள். அலைன்மென்ட் கடையில் டோவை மட்டும் சரிபார்த்து ‘ஓகே’ என்று தாள் கொடுப்பார்கள். கேஸ்டருக்கு இந்த வண்டியில் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, அதனால் அந்த வரியை யாரும் படிப்பதில்லை. நீ படி. இரண்டு பக்க அளவையும் மேனுவலோடு ஒப்பிடு.

இரண்டு அங்குலத்துக்குத் துளை தள்ளிய புஷ் போதும், அதற்கு மேல் தூக்கினால் ஆர்மையே மாற்றச் சொல். பிராக்கெட்டைக் கீழிறக்கும் கிட்டும் கிடைக்கிறது. காட்டுக்குப் போகிற வண்டியில் கல் தட்டும் இடத்தில் இரும்பைத் தொங்கவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. புஷ்ஷை பிரஸ்ஸில் ஏற்றும் முன் துளை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று சாக்பீஸால் குறித்துக்கொள். தலைகீழாக ஏறினால் இருக்கிற கேஸ்டரும் போகும். ஆர்ம் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதுதான் முழு டார்க்கில் முடுக்க வேண்டும். வீல் தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். ஒன்று தெரிந்திருக்கட்டும்: கேஸ்டரைக் கூட்ட ஆக்ஸிலைப் பின்னால் உருட்டும்போது பினியன் மூக்கு கீழே போகும், முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மோசமாகும். முழுக் கேஸ்டரையும் திரும்ப வாங்கப் போய் ஃபோர் வீலில் அதிர்வை வாங்கி வராதே. நாளைக்கே பட்டை வைத்த ஜிப்ஸி வந்தாலும் இதே கணக்குதான். அதில் நீள ஷேக்கில் போட்டிருந்தால் கேஸ்டர் போயிருக்கும். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வைத்துத் திருத்த வேண்டும்.

இன்னொன்றையும் கேள். லிஃப்ட் போட்ட அன்று ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்றிருக்கும். டிராக் லிங்க் சாய்வானதால் அப்படித்தான் நிற்கும். அதை எப்படி நேராக்கினார்கள்? டிராக் லிங்க் நீளத்தைத் திருத்தியிருந்தால் சரி. ஸ்டீயரிங் வீலையே கழற்றி நேராக மாட்டியிருந்தால், உன் அலைச்சலில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. இந்த வகை பாக்ஸில் பல்லிடைவெளி நடுவில்தான் மிகக் குறைவு, ஓரம் போகப்போகக் கூடும். வண்டி நேராகப் போகும்போது பாக்ஸ் நடுவில் இல்லையென்றால், புது பாக்ஸிலும் ப்ளே தெரியும். ஈ.எஸ்.பி. விளக்கு எரிகிறதா என்றும் பார், ஸ்டீயரிங் கோண சென்சார் குழம்பியிருக்கலாம். பாக்ஸ் மேலே இருக்கும் ஸ்க்ரூவை இறுக்கி ப்ளேயைக் குறைக்கும் கைவைத்தியம் வேண்டாம். நடுவில் பிடித்துக்கொண்டு அலைச்சல் கூடத்தான் செய்யும்.

பேன்ஹார்ட் ராடும் டிராக் லிங்க்கும் முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். யாராவது ஒன்றை மட்டும் பிராக்கெட் வைத்து இறக்கியிருந்தால், ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். அந்தப் பிராக்கெட்டைக் கழற்றிவிடு. பின் ஆக்ஸிலின் புஷ்களையும் ஒரு பார்வை பார். பின்னால் நகர்ந்தாலும் முன்னால்தான் பழி விழும்.

எல்லாம் முடிந்தபின் ஓனரிடம் உள்ளதைச் சொல். உயரமான வண்டி, மட் டயர், மேலே கேரியர். பக்கக் காற்றில் கொஞ்சம் தள்ளத்தான் செய்யும், கம்பெனி வண்டி மாதிரி ஓடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது என்பதையும் அவர் காதில் போட்டுவை. விபத்துக்குப் பிறகு கேள்விப்படுவதைவிட இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

வண்டி திங்கட்கிழமை வருகிறது என்று எழுதியிருந்தாய். புஷ் ஆர்டர் போடும் முன், இரண்டு பக்கக் கேஸ்டர் அளவையும் டிராக் லிங்க்கின் படத்தையும் எனக்கு அனுப்பு. அதுவரை அந்த வண்டியை 60-க்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று ஓனரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு.

அன்புடன்,
அண்ணன்