பிள்ளையின் விடயத்தை ஆராயும் மேசையில் உளநல நிபுணரும் இருக்க வேண்டும்

முகாமிலோ உறவினர் வீட்டிலோ பல வருடங்கள் இருந்துவிட்டுச் சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பங்கள் முதலில் பார்ப்பது கிணறு, கூரை, மலசலகூடம், பாடசாலை ஆகியவற்றையே. அது இயல்பு. ஆனால் சில பிள்ளைகளின் விடயங்கள் திரும்பி வந்த பின்னர்தான் வெளியில் வருகின்றன. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் நடந்ததை, ஓரளவு பாதுகாப்பான இடம் கிடைத்த பின்னரே பிள்ளை சொல்லத் துணிகிறது. மறுபக்கத்தில், கதவில்லாத தற்காலிகக் கொட்டில், கூலி வேலைக்குப் போயே ஆக வேண்டிய தாய், இன்னும் ஆட்கள் வந்து சேராத அயல் வளவுகள் என்பன புதிய ஆபத்துக்களையும் உண்டாக்குகின்றன.

பாலியல் துஷ்பிரயோகம், கடுமையான அடி உதை, தற்கொலை முயற்சி, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை ஒருவருடன் “குடும்பம் நடத்த” விடப்படுவது போன்ற பாரிய விடயங்களைப் பற்றியே இங்கு பேசுகிறோம். இவ்வாறான ஒரு விடயம் மீளாய்வு செய்யப்படும்போது உளநல நிபுணர் ஒருவர் ஏன் தேவை, அவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும், குடும்பத்தவராக நீங்கள் எவற்றைக் கேட்கலாம் என்பவற்றைப் பார்ப்போம்.

முடிவு எடுக்கப்படுவது எங்கே?

முறைப்பாட்டை நீங்கள் 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்குச் சொல்லலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவுக்கோ, பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ, உங்கள் கிராம உத்தியோகத்தருக்கோ சொல்லலாம். அதன்பின் விடயம் பல கைகளுக்குப் போகிறது. சட்ட வைத்திய அதிகாரி உடலைப் பரிசோதிக்கிறார். பொலிஸார் வாக்குமூலம் எடுக்கிறார்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுச் சூழலைப் பார்த்து நீதவானுக்கு அறிக்கை கொடுக்கிறார். பிள்ளை எங்கே, யாருடன் இருக்க வேண்டும் என்ற கட்டளையை நீதவானே இடுகிறார்.

ஒவ்வொருவரும் தத்தமது பகுதியைப் பார்க்கிறார்கள். பிள்ளையின் மனதில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பது யார்? வைத்தியசாலையில் குழந்தை வைத்திய நிபுணர், சட்ட வைத்திய அதிகாரி, உளநல வைத்திய நிபுணர், பொலிஸார், நன்னடத்தை உத்தியோகத்தர் ஆகியோர் ஒன்றாக இருந்து கலந்துரையாடும் நடைமுறை நம் நாட்டில் உண்டு. ஆனால் உளநல வைத்தியர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. கிளினிக் நாளில் அவர்களுடைய வாசலில் நிற்கும் வரிசையை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே மேசையில் அந்தக் கதிரை அடிக்கடி வெறுமையாகவே இருந்துவிடுகிறது. நிவாரண நிறுவனங்கள் தமது மீளாய்வுக் குழுக்களுக்கு ஒருவரைத் தனியாகச் சேர்க்க முற்படுவது இதனாலேயே.

அந்தக் கதிரை வெறுமையாக இருந்தால்

ஓர் உதாரணத்தை எண்ணிப் பாருங்கள். 11 வயதுப் பெண்பிள்ளை அம்மம்மாவுடன் ஊருக்குத் திரும்பியிருக்கிறாள். பாடசாலைக்குப் போக மறுக்கிறாள். இரவில் படுக்கையை நனைக்கிறாள். சில வேளை மயங்கி விழுகிறாள். முனி அடித்துவிட்டது என்று சொந்தக்காரர் பார்வை பார்க்கக் கூட்டிப்போகிறார்கள். (கோயிலுக்குப் போய் நூல் கட்டுவதை நாம் குறை சொல்லவில்லை. அதனால் வைத்தியம் பிந்திவிடக் கூடாது என்பதே எமது கவலை.) பிறகு ஒரு நாள், உறவு முறையான ஒருவர் தன்னிடம் தவறாக நடந்ததை ஆசிரியையிடம் சொல்கிறாள். பொலிஸ் நிலையத்தில் ஒரு விதமாகவும் வைத்தியசாலையில் இன்னொரு விதமாகவும் சொல்கிறாள். “கதையை மாற்றுகிறாள்” என்று கோப்பில் எழுதப்படுகிறது. அம்மம்மாவுக்கு வயது போய்விட்டது, வீட்டுக்குக் கதவும் இல்லை, ஆகவே சிறுவர் இல்லத்துக்கு அனுப்புவோம் என்று பேச்சு எழுகிறது.

அந்த மேசையில் உளநல நிபுணர் இருந்தால் வேறு கேள்விகள் எழும். பயந்த பிள்ளை நடந்ததைத் துண்டு துண்டாகவே நினைவுகூரும். யாருக்கு முன்னால் நிற்கிறது என்பதைப் பொறுத்துச் சொல்வதும் கூடிக் குறையும். அதை மட்டும் வைத்துப் பொய் என்று சொல்ல முடியாது. படுக்கை நனைவதும் மயக்கமும் பயத்தின் அடையாளங்களாக இருக்கலாம். உடல் நோய் இல்லையா என்பதையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே பல தடவை இடம்பெயர்ந்த பிள்ளைக்கு அம்மம்மாவைப் பிரிவது இன்னோர் இடப்பெயர்வு. சந்தேகநபரை அந்த வளவிலிருந்து விலக்கிவைக்க முடியுமா? கதவு போட எவ்வளவு செலவாகும்? கதவின் செலவு, ஒரு பிள்ளையை இல்லத்தில் வளர்க்கும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

அதேபோல, குடும்பத்துக்குப் பிடிக்காத ஒன்றையும் அவர் சொல்லக்கூடும். “வீட்டுக்குப் போகிறேன்” என்று பிள்ளை அழுவதால் மட்டும் அந்த வீடு பாதுகாப்பானது ஆகிவிடாது. துன்புறுத்துபவரிடமே ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. அதையும் கேட்கத் தயாராக இருங்கள்.

யாரைச் சேர்ப்பது?

“கவுன்சிலிங் படித்தவர்” என்று சொல்லிக்கொண்டு பலர் கிராமங்களுக்கு வருகிறார்கள். சிலர் மிகத் திறமையானவர்கள். சிலரிடம் இருப்பது இரண்டு வாரப் பயிற்சிச் சான்றிதழ் மட்டுமே. உளவளத்துணையாளர் பிள்ளையுடன் தொடர்ந்து பேசி ஆதரவளிப்பவர்; அந்தப் பணி பெறுமதியானது. ஆனால் பாரிய விடயமொன்றின் கோப்பை மீளாய்வு செய்ய, உளநல வைத்திய நிபுணர் ஒருவரோ, அவர் கிடைக்காவிடில் சிறுவருடன் நீண்டகாலம் வேலை செய்த உளநல வைத்திய அதிகாரி அல்லது உளவியலாளர் ஒருவரோ வேண்டும். வைத்தியராயின் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

பிள்ளையின் மொழி தெரிந்தவராக இருப்பது அவசியம். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் அவர் உறவினராகவோ பொலிஸ் உத்தியோகத்தராகவோ இருக்கக் கூடாது. சித்தப்பாவுக்கு முன்னால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

அவர் சுயாதீனமானவராகவும் இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஊழியர்மீதே முறைப்பாடு இருக்கும்போது, அந்நிறுவனத்தில் சம்பளம் பெறும் ஒருவர் மட்டும் அதை மீளாய்வு செய்வது முறையல்ல. முடிந்தவரை, பிள்ளைக்குச் சிகிச்சை அளிப்பவரும் கோப்பை மீளாய்வு செய்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது நல்லது. இல்லாவிடில், தன் வைத்தியரிடம் சொன்னதெல்லாம் கூட்டத்தில் பேசப்படும் என்று பிள்ளை அஞ்சும்.

வருடத்துக்கு ஒரு தடவை கொழும்பிலிருந்து வந்து மூன்று நாள் தங்கிப்போகும் பெரிய நிபுணரை விட, மாதத்தில் ஒரு நாள் தவறாமல் வரும் ஒருவரே பிள்ளைகளுக்குப் பயன்படுவார் என்பது எமது கருத்து.

அவர் செய்யக் கூடாதவை

குற்றம் நடந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது அவருடைய வேலையல்ல. அது நீதிமன்றத்தின் வேலை. பிள்ளையை மீண்டும் உட்காரவைத்து முதலிலிருந்து விசாரிப்பதும் அவருடைய வேலையல்ல. எழுதப்பட்டவற்றைப் படித்து, வேலை செய்தவர்களிடம் கேட்டு, பிள்ளையை எவ்வளவு குறைவாகத் தொந்தரவு செய்யலாம் என்று பார்ப்பவரே நல்ல மீளாய்வாளர். பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சாட்சியமாக ஏற்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. எல்லா இடங்களிலும் இந்த வசதி இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்கக்கூடியவை

உங்கள் பிள்ளையின் விடயம் பேசப்படும்போது, “உளநல வைத்தியரின் கருத்துக் கேட்கப்பட்டதா? எப்போது? என்ன சொன்னார்?” என்று நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கேட்கப்படவில்லை என்றால், கேட்கும்படி எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியை உங்களிடம் வைத்திருங்கள். எழுதுவது சிரமமாயின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் உதவுவார். உளநல வைத்தியரிடம் காட்டுவதால் பிள்ளைக்கு “விசர்ப் பட்டம்” வந்துவிடும், நாளைக்குக் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயம் பல பெற்றோருக்கு உண்டு. பிள்ளையின் பெயரும் விபரமும் கூட்டத்துக்கு வெளியே போகக் கூடாது என்பதை முன்கூட்டியே வலியுறுத்துங்கள். நீங்களும் அயலவருடன் அதைப் பேசாதீர்கள்.

கூட்டத்தின் திகதியையும் நேரத்தையும் முன்னரே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பிள்ளை வரத் தேவையில்லை என்றால், வெளி விறாந்தையில் வாங்கில் காக்கவைக்காமல், அதற்குப் பிடித்த ஒருவருடன் வீட்டிலோ பாடசாலையிலோ விட்டுவிட்டுப் போங்கள்.