வயல் உணரிகளும் நடமாடும் வாங்கியும்

மண்ணின் ஈரத்தை அளந்து, அவ்வளவைக் கம்பியின்றி வானொலி அலை மூலம் அனுப்பும் சிறு கருவி உணரி எனப்படும். அச்செய்தியைப் பெறும் கருவி வாங்கியாகும். வாங்கியை ஓரிடத்தில் நிலையாக வைப்பதா, வயலூடாகக் கொண்டு செல்வதா என்பதைக் கமக்காரர் முன்கூட்டியே தீர்மானித்தல் வேண்டும்.

நிலையான வாங்கியின் குறை

ஒரு வாய்க்கால் ஓரமாக 10 உணரிகள் வரிசையாக நடப்பட்டு, ஓர் அந்தத்தில் வாங்கி உள்ளதெனக் கொள்க. தொலைவிலுள்ள உணரி தன் செய்தியை அடுத்ததற்குக் கொடுக்கும்; அது மற்றையதற்குக் கொடுக்கும். இவ்வாறு வாங்கிக்கு அண்மையிலுள்ள உணரி, தன் செய்தியோடு பிறவற்றின் ஒன்பதையும் அனுப்ப நேரிடும். ஆகவே அதன் பற்றரியே முதலில் தீரும். அது நின்றதும், ஏனைய ஒன்பதும் பழுதின்றி இருப்பினும் அவற்றின் செய்திகள் வந்து சேரா.

நடமாடும் வாங்கியின் பயன்

வாங்கியை வரம்பு வழியே கொண்டு சென்றால், ஒவ்வோர் உணரியும் தான் சேமித்ததை மட்டும் நேரே கொடுக்கும். சுமை சமமாகும். 2004ஆம் ஆண்டில் கென்யாவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் வரிக்குதிரைகளின் கழுத்திற் கட்டிய கருவிகளும் இவ்வாறே விலங்கின் இருப்பிடத்தைச் சேமித்து வைத்தன. ஆய்வாளர் வாங்கியுடன் அணுகிப் பெற்றுக்கொண்டனர்.

கடக்கும் வேகம்

உணரியின் அலை 20 மீற்றர் வரை எட்டுமாயின், அதனருகே கடப்பவர் 40 மீற்றர் தூரம் அதன் எல்லைக்குள் இருப்பார். மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் நடப்பவருக்கு 36 செக்கன்கள் கிடைக்கும். 12 கிலோமீற்றர் வேகத்தில் துவிச்சக்கர வண்டியிற் செல்பவருக்கு 12 செக்கன்களே கிடைக்கும். பற்றரியைச் சேமிக்க உணரி பெரும்பாலும் உறங்கியிருக்கும். நிமிடத்திற்கு ஒருமுறை மட்டும் விழிக்கும் உணரியை, நடப்பவரும் அறியாமற் கடந்துவிடக்கூடும். நடந்து செல்வதாயின் அது 10 செக்கன்களுக்கு ஒருமுறையேனும் விழிக்குமாறு அமைத்தல் நன்று.

கவனிக்க வேண்டியவை

1. ஒவ்வோர் அளவீட்டுடனும் திகதியும் நேரமும் பதியப்படல் வேண்டும்.

2. "பெற்றேன்" என வாங்கி மறுமொழி அனுப்பும் வரை, உணரி தன் பதிவை அழித்தல் ஆகாது.

3. வாரம் ஒருமுறை சுற்றுபவரின் உணரி, இரு வாரப் பதிவையேனும் தாங்குதல் வேண்டும்.

4. நீர் நிறைந்த இலைகள் அலையை நலிவிக்கும். ஆதலால் அலைவாங்கிக் கம்பி பயிரின் உச்சிக்கு மேல் நிற்றல் வேண்டும்.

5. வெள்ளம், நீர்ப்பம்பி நிற்றல் போன்ற அவசரச் செய்திகளுக்கு இம்முறை ஏற்றதன்று. நாற்றுமேடைக்கு நாள்தோறும் சுற்றுதல் வேண்டும்.

செய்தி வராமையை ஈரம் குறையாமை எனக் கொள்ளலாகாது. ஓர் உணரி விடையளிக்காவிடின், அவ்விடத்து மண்ணைக் கையால் எடுத்துப் பார்த்த பின்னரே நீர் பாய்ச்சுவதை ஒத்திவைத்தல் வேண்டும்.