தாய்லாந்தில் புறக்கடை மீன்குளம்: மீன் வாங்குமுன் செய்யவேண்டியவை

தாய்லாந்து நாட்டில் சொந்த வீடு உள்ளவர்கள் பலர் வாசலிலோ புறக்கடையிலோ ஒரு சிறு நீர்நிலையேனும் வைத்துக்கொள்வதுண்டு. வசதி குறைந்தோர் ஒரு பெரிய மண்சாடியில் அல்லிக்கிழங்கு நட்டு, கொசுப்புழுவைத் தின்பதற்காக நாலைந்து கப்பி மீன்களை அதில் விடுவார்கள். அதற்கு மேற்பட்ட வசதியுள்ளோர் கான்கிரீட்டுக் குளம் கட்டி, ஜப்பானிய இனமான கோய் கெண்டைகளை வளர்ப்பார்கள். மண்சாடியில் மீன் சாவது குறைவு. பணம் செலவழித்துக் கட்டிய குளத்திலேதான் அதிகமாகச் சாகின்றது. இது ஏன் என்பதை நாம் நம்முடைய சொந்த நஷ்டத்தின் மூலமாகவே கற்றுக்கொண்டோம். ஆகையால் குளம் கட்டும் முறையையும், அதற்கு வேண்டிய சாதனங்களையும், எல்லாவற்றுக்கும் மேலாக மீன் விடுவதற்கு முன்னர்ச் செய்யவேண்டிய வேலையையும் இங்கே விவரிக்கிறோம்.

பாங்காக்கை அடுத்த நொந்தபுரியில் நாம் சில ஆண்டுகள் குடியிருந்தபோது முதற்குளத்தைக் கட்டுவித்தோம். நீளம் 4 மீட்டர், அகலம் 2½ மீட்டர், நீரின் ஆழம் 1.2 மீட்டர், ஆக 12 கன மீட்டர், அதாவது 12,000 லிட்டர் நீர். பூச்சு உலர்ந்த மூன்றாம் நாள் குழாய்நீரை நிரப்பினோம். கட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரர் மறுநாளே மீன் விடலாம் என்றார். பதினெட்டுக் கோய்களை விட்டோம். முதல் நாள் அவை அழகாக உலவின. மூன்றாம் நாள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்பதாம் நாள் எஞ்சியவை நான்கே. மீன்களின் விலையைவிட, ஒவ்வொரு காலையும் வலையெடுத்துக்கொண்டு போய்ச் செத்தவற்றை அள்ளியதே நமக்குப் பெரிய வருத்தம்.

அண்டை வீட்டில் குடியிருந்த முதியவர் ஒருவரை நாம் 'லுங்' என்று அழைத்துவந்தோம். நம் நாட்டில் பெரியப்பா என்பதற்கு ஒப்பான முறைச்சொல் அது. அங்கே வயது முதிர்ந்த ஆண்கள் யாவரையும் அப்படி அழைப்பது மரியாதை. அவர் வந்து குளத்தில் கையை நனைத்து, விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். "சோப்பில்லாமலே வழுக்குகிறதே, கவனித்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். சாயத்தொட்டியில் சோடாக் காரத்தைக் கையாண்ட நெசவாளர்களுக்கு இந்த வழுக்கல் எதனால் என்று சொல்லவேண்டியதில்லை. புதிய சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து நீரைக் கடுங்காரமாக்கியிருந்தது. காரத்தை அளக்கும் பி.எச். எண் 7 என்றால் நடுநிலை. கோய்க்கு 7 முதல் 8½ வரை ஏற்கும். நம் குளத்தில் அது 10-ஐத் தாண்டியிருந்தது.

இது பாதிக் காரணம். மறுபாதி கண்ணுக்குத் தெரியாதது. மீன் தன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியிடுகின்றது. நிலத்தில் அம்மோனியம் சல்பேட் இட்டால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவதைப் பயிர் செய்வோர் அறிவார்கள். குளத்திலும் நடக்கவேண்டியது அதே காரியம்தான். அம்மோனியா மீனுக்கு நஞ்சு; நைட்ரைட்டும் நஞ்சு; நைட்ரேட் ஓரளவு வரை தீங்கற்றது. நல்ல வயலில் அந்த நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. புதிய குளத்திலோ ஒன்றும் இல்லை. வெறும் சிமெண்டும் குழாய்நீரும்தான். அம்மோனியா அதில் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். காரமும் வெப்பமும் கூடினால் அதன் நஞ்சும் கூடும். பி.எச். 7-இலிருந்து 8-க்கு ஏறினாலே நஞ்சான அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகின்றது. 10-இல் என்னவாகும் என்பதை நம் மீன்கள் காட்டிவிட்டன. லுங்கின் பழைய மண்சாடியில் வேரும் பாசியும் சேறும் நிறைந்திருந்தன. ஆகவே அங்கே இந்த வேலை தானாகவே நடந்துகொண்டிருந்தது.

இனிக் கட்டுமானத்தைப் பார்ப்போம். அங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே குளம் கட்ட ஏற்றவை. மே நடுவில் மழை தொடங்கி அக்டோபர் வரை பெய்கின்றது. பாங்காக் சமவெளி கடல்மட்டத்துக்கு ஒன்றிரண்டு மீட்டரே உயர்ந்த மிருதுவான களிமண் நிலம். தோண்டினால் மழைக்காலத்தில் முழங்கால் ஆழத்திலேயே ஊற்றுநீர் வந்துவிடும். இதனால் இரு தொல்லைகள் உண்டு. முதலாவது, வீடு ஆழமான கான்கிரீட் பைல்களின் மேல் நிற்கும். பக்கத்துக் குளம் வெறும் களிமண்மேல் அமர்ந்திருக்கும். வீடு அசையாது, குளம் மெல்ல இறங்கும். இரண்டையும் ஒட்டிக் கட்டினால் சேருமிடம் வெடிக்கும். ஆகவே குளத்தை வீட்டிலிருந்து விலக்கித் தனியே கட்டவேண்டும், அல்லது குளத்துக்கும் பைல் போடவேண்டும். இரண்டாவது, மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்தால் நிலத்தடி நீர் அதைப் படகுபோல மேலே தூக்கிவிடக் கூடும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் குளத்தை முழுதும் வடித்தல் ஆகாது.

இவ்விரண்டையும் முன்னிட்டு, ஆழத்தில் பாதியைத் தரைக்கு மேலேயே எழுப்புவது உத்தமம். அப்படிச் செய்தால் தோண்டும் வேலை குறையும். உட்கார்ந்து பார்க்கத் திண்ணை கிடைக்கும். தெருவெள்ளமும் எளிதில் உள்ளே வராது. 2011-இல் வந்த பெருவெள்ளத்தில் நொந்தபுரியும் பதும் தானியும் பல நாட்கள் நீரில் கிடந்தன. அவ்வளவு வெள்ளத்துக்கு எந்தத் திண்ணையும் ஈடுகொடுக்காது என்பதும் உண்மைதான். ஆனால் ஆண்டுதோறும் ஒரு சாண் உயரத்துக்கு வரும் தெருநீருக்கு அது போதும்.

சுவரும் அடித்தளமும் கம்பி கட்டிய கான்கிரீட்டாக, 15 சென்டிமீட்டர் கனத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். வெறும் செங்கல் சுவர் அந்த மண்ணில் நிலைப்பதில்லை. மூலைகளை வளைவாக்கினால் அழுக்குத் தங்காது. தரையை நடுவை நோக்கிச் சரித்து, அங்கே 4 அங்குல அடித்தூம்பு ஒன்று வைக்கவேண்டும். கான்கிரீட் ஊற்றிய பிறகு குழாய் பதிப்பது இயலாத காரியம். ஆகையால் தூம்பையும் குழாய்களையும் முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும். மேலே நீர்க்கசிவுத் தடைப்பூச்சு இரண்டு கை. மழைநீர் வழிந்தோட ஒரு வழிகுழாய் வைத்து அதன் வாயில் சல்லடை பொருத்தவேண்டும். கூரைத் தாழ்வாரத்து நீர் குளத்தில் விழாதபடி திருப்பிவிட வேண்டும்; பெருமழையில் அது ஒரே இரவில் நீரின் தன்மையை மாற்றிவிடும்.

இடம் தேர்ந்தெடுப்பதில், வீட்டின் கிழக்குப் பக்கம் கிடைத்தால் நல்லது. பிற்பகல் வெயிலை வீடே மறைக்கும். மாமரத்தடி குளிர்ச்சியாகத் தோன்றும். ஆனால் இலையும் பழமும் விழுந்து அழுகும். நிழலுக்கு அங்கே 'ஸ்லான்' எனப்படும் கறுப்பு வலைத்துணியைக் கட்டுகிறார்கள். ஏப்ரல் மாத வெயிலில் இது ஆடம்பரமன்று. 20 டிகிரி வெப்பமுள்ள நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் 7½ மில்லிகிராம் மட்டுமே. நீர் சூடாக ஆக மீனுக்கு மூச்சு அதிகம் தேவை, கிடைப்பதோ குறைவு.

சாதனங்களில் முதன்மையானது வடிதொட்டி. அங்கே ஒப்பந்தக்காரர்கள் இதைச் சிறிதாக்கி, மிச்சத்தில் செயற்கை அருவியும் பாறையும் வைத்துக் கொடுக்கிறார்கள், பார்க்கிறவர்களும் மெச்சுகிறார்கள். நம் முதற்குளத்தில் அது ஒரு தண்ணீர்ப் பீப்பாய் அளவே இருந்தது. குளத்துக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு வடிதொட்டிக்கு ஒதுக்கவேண்டும் என்பது நம் முடிவு. 12,000 லிட்டருக்கு 4,000 லிட்டர். அடித்தூம்பிலிருந்து நீர் தானாகவே வந்து முதல் அறையில் தேங்கும். கனத்த அழுக்கு அங்கே படியும். இரண்டாம் அறையில் தூரிகைகள் தொங்கும். மூன்றாம் அறையில் கரடுமுரடான நாரிழைப் பாய்கள் நிற்கும். நாடாக்குழலின் அளவுக்குக்கூடக் கண் நெருங்காத, மிகத் தளர்ந்த நெசவு போன்றவை அவை. அந்த இழைகளின்மேல்தான் நுண்ணுயிர்கள் குடியேறும். அடுத்த அறையில் சிப்பி ஓடுகள். அவையும் நுண்ணுயிர்க்கு இடம் தருவதோடு, மழைக்காலத்தில் நீர் அமிலமாகாமல் தடுக்கும். கடைசி அறையில் பம்பு. ஒவ்வோர் அறைக்கும் தனி வடிகுழாய் இருந்தால் சேற்றை எளிதில் வெளியேற்றலாம்.

பம்பு குளத்து நீர் முழுவதையும் இரண்டு மணிக்குள் ஒருமுறையேனும் சுற்றிவரச் செய்யவேண்டும். நம் குளத்துக்கு மணிக்கு 8,000 லிட்டர் தள்ளும் பம்பு வைத்தோம். கிணற்றுப் பம்பு இதற்கு ஆகாது. அது உயரத்துக்குத் தள்ளுவதற்கு ஏற்பட்டது, மின்சாரத்தை வீணே தின்னும். 100 வாட் பம்பு இரவு பகல் ஓடினால் மாதத்துக்கு 72 யூனிட். இதனுடன் காற்றுப் பம்பு ஒன்றும் வேண்டும். இடிமழையில் மின்சாரம் நின்றால் ஓடுவதற்காக பாட்டரியுடன் கூடியதை வாங்கினோம்; அது ஓர் ஆண்டிலேயே தன் விலையை மீட்டது. நீரும் மின்சாரமும் சேருமிடமாதலால், கசிவு ஏற்பட்டவுடன் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்சும், சரியான எர்த் கம்பியும் இல்லாமல் ஒரு பம்பையும் நீரில் இறக்கக்கூடாது. மீன் செத்தால் வேறு மீன் வாங்கலாம்.

பறவையும் பூனையும் ஒருபுறமிருக்க, பாங்காக் பகுதியில் நீருடும்பு சாக்கடை வழியாகவும் கால்வாய் வழியாகவும் வந்து கோய்களைப் பிடித்துத் தின்னும். ஆள் நீளத்துக்கு வளரும் இந்தப் பிராணியை அங்கே சட்டம் காக்கிறது, அடித்துக் கொல்லலாகாது. செங்குத்தான விளிம்பும் இரவில் வலையுமே பாதுகாப்பு.

குளத்தைக் காலி செய்து இரண்டாம் முறை தொடங்கியபோது லுங் சொன்ன முறையையே பின்பற்றினோம். வாழைத்தண்டுகளைத் துண்டு துண்டாக வெட்டிக் குளத்தில் போட்டு, நீர் நிரப்பி, ஐந்து நாள் ஊறவிட்டு வடித்தோம். தண்டு அழுகும்போது உண்டாகும் அமிலங்கள் சுண்ணாம்பைத் தணிக்கின்றன. மூன்று முறை செய்தபின் பி.எச். 8-க்கு இறங்கியது. அவசரமுள்ளவர்கள் வினிகரையும் கலக்கிறார்கள். பிறகு குழாய்நீர் நிரப்பி, அதிலுள்ள குளோரினைச் சோடியம் தையோசல்பேட்டினால் போக்கினோம். குளோரின் மீனையும் வாட்டும், நாம் வளர்க்க நினைக்கும் நுண்ணுயிர்களையும் கொல்லும்.

அதன்பின் லுங் தம் வடிதொட்டியிலிருந்து பழுப்பேறிய பாய் இரண்டை ஈரத்தோடு தூக்கிவந்து நம் தொட்டியில் வைத்தார். தயிருக்கு உறைமோர் ஊற்றுவது போன்றதே இது. ஆனால் நோயற்ற குளமென்று நிச்சயம் தெரிந்தால் மட்டுமே இப்படிக் கடன் வாங்கலாம். விலை குறைந்த மீன் மூன்றை மட்டும் விட்டு, ஒரு சிட்டிகை தீனி போட்டு, சோதனைத் துளி மருந்தினால் தினமும் நீரைப் பார்த்துவந்தோம். இரண்டாம் வாரத்தில் அம்மோனியா ஏறியது. நீரில் கால்பங்கை மாற்றினோம். நான்காம் வாரத்தில் அம்மோனியா மறைந்து நைட்ரைட் ஏறியது. அப்போது 1,000 லிட்டருக்கு 1 கிலோ வீதம் அயோடின் கலவாத உப்பு இட்டோம். நைட்ரைட் செவுளுக்குள் புகுவதை உப்பு தடுக்கும். 38-ஆம் நாள் இரண்டும் தென்படவில்லை. அன்றுதான் மீன் வாங்கப் புறப்பட்டோம்.

பாங்காக்கில் சாட்டுசாக் சந்தை இதற்குப் பேர்பெற்றது; ராட்சபுரி மாகாணத்தின் பான் போங் பகுதியில் அலங்கார மீன் பண்ணைகள் நிறைய உள்ளன. சயாம் சண்டைமீனை அந்நாடு 2019-இல் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது. ஆனால் அது தனிச்சாடிக்கு உரியது, குளத்துக்கு ஏற்றதன்று. வளர்ந்த கோய் ஒன்றுக்கு 1,000 லிட்டர் என்ற கணக்கில் 12 மீனோடு நிறுத்திக்கொண்டோம். புதிய மீனை மூன்று வாரமேனும் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பது அவசியம். கோய்களைக் கூண்டோடு கொல்லும் ஹெர்ப்பிஸ் வைரஸ் நோய் 16 முதல் 28 டிகிரி வரையுள்ள நீரில் வெளிப்படும். அங்கே அது டிசம்பர், ஜனவரிக் குளிர்காலத்தைக் குறிக்கும்.

மிஞ்சிய மீனையும் செடியையும் கால்வாயில் விடுவது பெருந்தவறு. புண்ணியம் என்று கருதி விடுவோரும் உண்டு. 1901-இல் ஜாவாவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை இன்றும் அந்நாட்டு ஆறுகளை அடைத்துக்கொண்டிருக்கிறது.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீர்மாற்றம். இரண்டு நாளுக்கொருமுறை முதல் அறையின் சேற்றை வடித்தல். பாய்களைக் கழுவும்போது குழாய்நீரில் கழுவாமல் குளத்து நீரிலேயே அலசவேண்டும். எல்லாப் பாய்களையும் ஒரே நாளில் கழுவக்கூடாது. இந்த மாதம் பாதி, அடுத்த மாதம் மறுபாதி.